அவையில் எழுந்த சிரிப்பு

கடந்த பொங்கல் விடுமுறையில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பொருளாதாரம் பயின்ற மாணவர் ஒருவர் தம் மகளுடன் கோவில்பட்டியில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்தவர். ஐந்து ஏக்கர் மானாவாரி நிலத்தில் உளுந்தும் பாசியும் மல்லியும் விதைப்பவர். மழை பொய்த்த ஆண்டுகளில் தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதிக் குடும்பத்தைக் காத்தவர்.

மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். இயற்பியலில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்று, வெளிமாநிலத்தில் ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்த ஆய்வாளராகப் பணிபுரிகிறார். நம் பால்வழி மண்டலத்துக்கு அப்பால் உள்ள விண்மீன் மண்டலங்கள் எப்படி ஒன்றோடொன்று மோதி இணைகின்றன என்பது அவருடைய ஆய்வுப் பொருள். ஒப்பந்தம் ஆறு மாதத்தில் முடிகிறது. அடுத்து எங்கே என்பது தெரியாது. வங்கித் தேர்வுக்கான வயது வரம்பு கடந்துவிடப் போகிறதே என்பது தந்தையின் கவலை. விண்மீன்களை எண்ணி வயிறு நிறையுமா, ஒரு பொருளாதாரப் பேராசிரியராக நீங்களே சொல்லுங்கள் என்று என்னிடமே தீர்ப்பை விட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான விடை இல்லை. ஆகவே, தமிழ்நாட்டில் படித்து விண்மீன்களைக் கணக்கிடக் கப்பலேறிய ஓர் இளைஞரின் வாழ்க்கையை அவர்களுக்குச் சொன்னேன். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-இல் நோபல் பரிசு பெற்றதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், பத்தொன்பது வயதுக்கும் இருபத்தாறு வயதுக்கும் இடையே, நிரந்தர வேலை இல்லாத ஓர் இளம் ஆய்வாளராக அவர் கழித்த ஏழு ஆண்டுகளை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த ஏழு ஆண்டுகளே இன்றைய நம் இளைஞர்களுக்கு வேண்டியவை.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் அரசின் தணிக்கைத் துறையில் உயர் அதிகாரி. தந்தையின் தம்பிதான் சர் சி.வி. ராமன். தாய் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்க்கும் அளவுக்கு இலக்கிய நாட்டம் கொண்டவர். பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர், ஆண்மக்களில் மூத்தவர் சந்திரசேகர். 1918-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1925-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ கணிதத்தில் மோகம். இருவருக்கும் பொதுவாக இயற்பியல் அமைந்தது. பிள்ளை தன் மனம் போன வழியில் படிக்கட்டும் என்று துணை நின்றவர் தாய். இன்று வங்கித் தேர்வு பற்றிக் கவலைப்படும் கரிசல் தந்தைக்கும், அன்று ஐ.சி.எஸ். பற்றிக் கனவு கண்ட மயிலாப்பூர்த் தந்தைக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கலாம். பிள்ளையின் எதிர்காலம் பற்றிய அச்சம் ஒன்றே.

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய அணுவியல் நூலைக் கரைத்துக் குடித்திருந்த மாணவர் சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். பாராட்டை எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்தது அதிர்ச்சி. அந்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் கொள்கை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்றார் சோமர்ஃபெல்ட். கூடவே, இன்னும் அச்சேறாத தம் கட்டுரையின் மெய்ப்புப் பிரதியையும் அந்த மாணவரின் கையில் கொடுத்தார்.

அதைப் படித்துச் சில மாதங்களில் சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. கேம்பிரிட்ஜில் அதை வாங்கி இதழுக்கு அனுப்பியவர் ரால்ஃப் ஃபௌலர். கல்லூரி மாணவர் ஒருவரை ஒரு பேரறிஞர் சமமாக மதித்துப் பேசிய அரை நாள் பொழுதின் விளைவு அது. நம் கல்லூரிகளுக்கு வரும் சிறப்பு விருந்தினர்களுக்கு நாம் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். மாணவர்கள் அவர்களோடு அமர்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்குகிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. ஆனால் தாய் அப்போது கடும் நோயுற்றிருந்தார். மூத்த மகன் அந்த நிலையில் கடல் கடந்து செல்வதா என்று உறவினர் தயங்கினர். போகத்தான் வேண்டும் என்று உறுதியாகச் சொன்னவர் அந்தத் தாயே. 1930 ஜூலை 31 அன்று சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். அடுத்த ஆண்டு மே மாதம் தாய் இறந்த செய்தி கேம்பிரிட்ஜில் அவரை எட்டியது. அவர் மீண்டும் இந்திய மண்ணை மிதித்தது 1936-இல்தான்.

கடற்பயணத்தின் முதல் சில நாள்கள் கடல் கொந்தளிப்பில் கழிந்தன. பிறகு கடல் அமைதியடைந்ததும் அவர் தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். அந்தக் கணக்கு என்ன? விண்மீன் என்பது தன் எடையால் தானே நசுங்கப் பார்க்கும் ஒரு வாயுக் கோளம். உள்ளே எரியும் வெப்பம் அதை நசுங்காமல் தாங்கி நிற்கிறது. எரிபொருள் தீர்ந்த பின் என்ன ஆகும்? சுருங்கிச் சுருங்கி, பூமியின் பருமனுக்குள் சூரியனின் எடையை அடக்கிய ‘வெண்குறுமீன்’ ஆகும். நெருக்கியடித்த எலக்ட்ரான்களின் எதிர்ப்பு அதைத் தாங்கி நிற்கும் என்று ஃபௌலர் 1926-இல் விளக்கியிருந்தார்.

சந்திரசேகர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவ்வளவு நெருக்கடியில் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயுமே. அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதியையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? சேர்த்துப் பார்த்தபோது வியப்பான விடை வந்தது. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்டால் எந்த எதிர்ப்பும் போதாது. அந்த விண்மீன் வெண்குறுமீனாக ஓய்வு பெற முடியாது. அந்த எல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று பின்னர் திருத்தமாக நிலைபெற்றது. இதே திசையில் ஆண்டர்சன், ஸ்டோனர் ஆகியோரும் சற்று முன்னரே சிந்தித்திருந்தனர். எனினும் விண்மீனின் அமைப்போடு பொருத்தி அதன் முழுப் பொருளையும் விடாது துரத்தியவர் சந்திரசேகரே. இன்று அது ‘சந்திரசேகர் எல்லை’ எனப்படுகிறது.

கேம்பிரிட்ஜில் அவரை யாரும் மாலையிட்டு வரவேற்கவில்லை. எல்லை பற்றிய கட்டுரையை ஃபௌலர் தயக்கத்தோடு பார்த்தார். அது இங்கிலாந்தில் வெளிவரவில்லை. 1931-இல் ஓர் அமெரிக்க இதழில் இரண்டே பக்கங்களில் வெளியானது. சென்னையில் முதல் மாணவராக இருந்தவர், டிராக்கும் எடிங்டனும் உலவும் ஊரில் தாம் ஒன்றுமில்லை என்று உணர்ந்தார். தனிமையும் குளிரும் தாயை இழந்த துயரமும் சேர்ந்துகொண்டன. வானியலே தேவையா, தூய இயற்பியலுக்குப் போய்விடலாமா என்ற குழப்பம் அவரை நெடுநாள் அலைக்கழித்தது.

அந்தக் குழப்பத்தோடு 1932-இல் கோபன்ஹேகன் சென்று நீல்ஸ் போரின் நிறுவனத்தில் ஏறக்குறைய ஓராண்டு தங்கினார். அங்கே டிராக் சொன்ன ஒரு சிக்கலில் மூழ்கிக் கட்டுரையும் எழுதினார். அதில் பிழை இருப்பது தெரிய வந்ததும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். நோபல் பரிசு பெற்றவர்களின் வாழ்க்கை வரலாற்றில் இத்தகைய பக்கங்களை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். அந்தப் பெண் இந்த இடத்தில்தான் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கோப்பிலும் அப்படித் திரும்பப் பெற்ற கட்டுரை ஒன்று இருக்கிறதாம்.

1933-இல் முனைவர் பட்டம் கிடைத்தது. அதோடு இந்திய அரசின் உதவித்தொகையும் முடிந்தது. இன்றைய மொழியில் சொன்னால் ஒப்பந்தம் முடிந்தது. டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்திருந்தாலும் கிடைக்கும் என்று அவர் நம்பவில்லை. கேம்பிரிட்ஜை விட்டுக் கிளம்பவே ஆயத்தமாகிவிட்டார். ஆனால் அவர் பெயர் பட்டியலில் இருந்தது. 1918-இல் தேர்வான ராமானுஜனுக்குப் பிறகு டிரினிட்டியின் ஃபெல்லோ ஆன இந்தியர் அவர்தான்.

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு உதவித்தொகை, தங்க அறை, உணவு மேசையில் இடம். என்ன ஆய்வு செய்ய வேண்டும் என்ற கட்டளை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கேட்டு யாரும் கதவைத் தட்டவில்லை. இருபத்துமூன்று வயது இளைஞருக்கு ஒரு நிறுவனம் வழங்கிய மிகப்பெரிய மூலதனம் அந்த நான்கு ஆண்டுகால மன நிம்மதிதான். அதன் விலை கல்லூரியின் கணக்கேட்டில் மிகச் சிறியது. அதன் விளைச்சலை எந்தக் கணக்கேட்டாலும் அளந்திருக்க முடியாது.

1934 கோடையில் சோவியத் நாட்டுக்குச் சென்றபோது, இளம் வானியலாளர் அம்பர்த்சுமியான் கப்பல் கணக்கை முழுமையாகச் செய்து முடிக்குமாறு ஊக்கினார். கேம்பிரிட்ஜ் திரும்பிய சந்திரசேகர், தோராயங்களை நீக்கி, பல விண்மீன் மாதிரிகளுக்குக் கையால் சுற்றும் கணக்குப் பொறியைக் கொண்டு மாதக் கணக்கில் எண்களைப் பெருக்கினார். அந்தப் பொறி கிடைக்க உதவியவர் சர் ஆர்தர் எடிங்டன். உலகின் முதன்மையான வானியலாளர். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையை மெய்ப்பித்துப் புகழ்பெற்றவர். சென்னையில் மாணவராக இருந்தபோது போட்டியில் வென்ற சந்திரசேகர் பரிசாகக் கேட்டுப் பெற்றதே எடிங்டனின் நூலைத்தான். அந்த எடிங்டன் இப்போது அடிக்கடி அவர் அறைக்கு வந்து, கணக்கு எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்துச் சென்றார். தாம் வேறு கருத்துக் கொண்டிருப்பதாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

1935 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். சந்திரசேகர் பேசி முடித்தவுடன் அதே பொருளில் எடிங்டன் பேசுவார் என்பதை முந்தைய நாள் மாலை நிகழ்ச்சி நிரலைப் பார்த்தே அவர் அறிந்தார். இருபத்துநான்கு வயது இளைஞர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்த எடிங்டன், அப்படியே போனால் பெரிய விண்மீன் முடிவின்றிச் சுருங்கி, ஒளிகூட வெளியேற முடியாத நிலைக்குப் போய்விடும் என்றும், இயற்கை இத்தகைய அபத்தத்தை அனுமதிக்காது என்றும், எனவே சந்திரசேகர் நம்பியிருக்கும் அடிப்படைச் சூத்திரமே தவறு என்றும் நகைச்சுவை ததும்பப் பேசினார். அவை சிரித்தது. சந்திரசேகருக்கு மறுமொழி கூற வாய்ப்புக் கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பலர் அவரிடம் வந்து துக்கம் விசாரிப்பதுபோல் அனுதாபம் தெரிவித்துச் சென்றனர்.

எடிங்டன் எள்ளி நகையாடிய அந்த ‘அபத்தம்’தான் இன்று நாம் கருந்துளை என்று அழைப்பது. விடையை மிகத் தெளிவாகக் கண்டவர் எடிங்டன். கண்டும் நம்ப மறுத்தார்.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றிய ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஓர் அமர்வுக்குத் தலைமை வகித்தேன். ஓர் இளம் ஆய்வாளர், மானாவாரி விவசாயி உள்ளூர் அடகுக்காரரிடம் அதிக வட்டிக்குக் கடன் வாங்குவது அறியாமையால் அல்ல என்று வாதிட்டார். வங்கிக் கடன் விதைப்புக்குப் பின் வருகிறது, அடகுக் கடன் மழைக்கு முன் கிடைக்கிறது. காலத்துக்குக் கொடுக்கும் விலையே அந்த வட்டி என்பது அவர் முடிவு. நான் அவருடைய மாதிரிக் கணக்கெடுப்பின் சிறு எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டி, அவர் அடகுக்கடை வைத்திருக்கிறாரா என்று ஒரு வேடிக்கையும் சொன்னேன். அவை சிரித்தது. அவர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு அமர்ந்தார்.

பிறகு எந்தக் கருத்தரங்கிலும் அவரை நான் பார்க்கவில்லை. ஆய்வை விட்டுவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பணிக்குச் சென்றதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வுக்குப் பின் எங்கள் வட்டாரத்து ஊர்களில் கடன் கணக்குகளைத் தொகுத்தபோதுதான் அவர் சொன்னது பெருமளவு சரி என்று கண்டேன். புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு விதை வாங்க வேண்டியவருக்குக் கார்த்திகையில் வரும் கடனால் என்ன பயன்? கரிசலில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எடிங்டன் அளவுக்கு அறிவு எனக்கில்லை. ஆனால் அவர் செய்த தவற்றைச் செய்ய அவ்வளவு அறிவு தேவைப்படவில்லை.

சந்திரசேகருக்கு ஆதரவே இல்லாமல் இல்லை. கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். அவரும் போரும் எடிங்டனின் வாதத்தில் பொருளில்லை என்று ஒப்புக்கொண்டனர். பௌலியும் அவ்வாறே கருதினார். ஆனால் எவரும் அப்போது வெளிப்படையாக எழுதிக் கொடுக்க முன்வரவில்லை. அதே ஆண்டு பாரிஸில் நடந்த பன்னாட்டு வானியல் ஒன்றியக் கூட்டத்தில் எடிங்டன் மீண்டும் நீண்ட நேரம் மறுத்துப் பேசினார். தலைமை வகித்த ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், தனிப்பட்ட முறையில் எடிங்டனின் கருத்தை ஏற்காதவர். எனினும் மேடையில் சந்திரசேகர் பதிலளிக்க இடம் தரவில்லை. டிராக்கும் பையர்ல்ஸும் பிரைசும் எடிங்டனை மறுத்துக் கட்டுரை வெளியிட்டபோது ஆண்டு 1942.

ஒரு மூத்தவரின் பிழையை விட, மற்ற மூத்தவர்களின் மௌனம் அந்த இளைஞரை அதிகம் பாதித்தது என்றே நான் கருதுகிறேன். தனியறையில் தோள் தட்டிக் கொடுப்பதும் அவையில் வாய் மூடி இருப்பதும் இன்றும் நம் கல்வியுலகின் வழக்கமாகவே இருக்கிறது.

இனி அவர் என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம். வாழ்நாள் முழுவதும் எடிங்டனோடு வழக்காடிக்கொண்டிருக்கலாம். அல்லது ஆய்வையே விட்டுவிடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. தாம் கண்டதை முழுமையாக ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு பொருளுக்குச் செல்வது என்று முடிவெடுத்தார். விண்மீன்களின் அமைப்பு பற்றிய அந்த நூல் 1939-இல் வெளிவந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அதுவே அவர் வழக்கமாயிற்று. ஒரு துறையில் நுழைவது, ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பது, பெரு நூல் ஒன்றை எழுதி முடிப்பது, அடுத்த துறைக்குப் போவது. ஒரு காயத்திலிருந்து பிறந்த ஒழுங்கு அது.

இங்கிலாந்தில் நிரந்தர வேலைக்கு வழி தெரியவில்லை. 1935 இறுதியில் ஹார்வர்டு வானாய்வகம் அழைத்தது. அங்கு ஆற்றிய சொற்பொழிவுகளின் பயனாக, சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தின் இயக்குநர் ஆட்டோ ஸ்ட்ரூவ வேலை தர முன்வந்தார். 1936-இல் இந்தியா வந்த சந்திரசேகர், மாநிலக் கல்லூரியில் தம்முடன் இயற்பியல் பயின்ற லலிதாவைச் செப்டம்பரில் மணந்தார். 1937 தொடக்கத்தில் இருவரும் விஸ்கான்சின் மாநிலத்தின் சிற்றூரான வில்லியம்ஸ் பே சென்று சேர்ந்தனர்.

அங்கும் பாதை மலர் விரித்ததாக இல்லை. அவர் சிகாகோ வளாகத்தில் வகுப்பு நடத்துவதற்கு, அவர் நிறத்தைக் கருதிப் புலத் தலைவர் ஒருவர் முட்டுக்கட்டை போட்டார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதைத் தள்ளிவிட்டு, சந்திரசேகர் பாடம் நடத்தத்தான் வேண்டும் என்று ஆணையிட்டார். லண்டனிலும் பாரிஸிலும் எந்த மூத்தவரும் செய்யத் துணியாததை ஹட்சின்ஸ் செய்தார். சந்திரசேகர் இறுதிவரை சிகாகோ பல்கலைக்கழகத்தை விட்டு அகலவில்லை.

புதிய ஊரில் அவர் எடுத்துக்கொண்ட புதிய பொருள், விண்மீன் கூட்டங்களின் இயக்கம். 1943-இல் அவர் விளக்கிய ஒரு விதிக்கு ‘இயக்க உராய்வு’ என்று பெயர். எண்ணற்ற விண்மீன்களுக்கு இடையே ஒரு கனமான பொருள் பாய்ந்து சென்றால், அதன் ஈர்ப்பால் பின்னால் விண்மீன்கள் சற்றே திரண்டு அதைப் பின்னோக்கி இழுக்கும். அதன் வேகம் சிறிது சிறிதாகக் குறையும். ஒரு சிறிய விண்மீன் மண்டலம் பெரிய மண்டலத்துக்குள் விழுந்து கரைவது இந்த இழுப்பினால்தான். இதை நான் சொல்லத் தொடங்கியதும் அந்தப் பெண் புன்னகை செய்தார். தம் ஆய்வில் நாள்தோறும் எழுதும் சூத்திரம் அதுதான் என்றும், அது அவமதிப்புக்குப் பின் வேறு துறைக்குச் சென்றதன் விளைச்சல் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

அவர் கப்பலேறியபோது, ஆந்திரமேடா நம் மண்டலத்துக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்று ஹபிள் நிறுவிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் புதிய துறைக்கும் கப்பல் கணக்கே அளவுகோல் தந்தது. வெண்குறுமீன் ஒன்று பொருளைச் சேர்த்துக்கொண்டு சந்திரசேகர் எல்லையை நெருங்கும்போது வெடிப்பதாகக் கருதப்படும் சூப்பர்நோவா வகை ஒன்று உண்டு. அவற்றின் ஒளி ஏறக்குறைய ஒரே அளவினது என்பதால், தொலைதூர மண்டலங்களின் தூரத்தை அவற்றைக் கொண்டு அளக்கிறார்கள். அப்படி அளந்துதான் அண்டம் விரிவடையும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் கண்டனர். 2011 நோபல் பரிசு அதற்கே வழங்கப்பட்டது. 2019-இல், 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள எம்87 மண்டலத்தின் நடுவே இருக்கும் கருந்துளையின் படத்தை உலகமே பார்த்தது. 1935-இல் சிரித்த அவை அதைப் பார்க்க இல்லை.

சந்திரசேகருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 1983 அக்டோபர் 19 அன்று, அவருடைய எழுபத்துமூன்றாவது பிறந்த நாளில். கப்பல் பயணத்திலிருந்து ஐம்பத்துமூன்று ஆண்டுகள். அதற்கு முந்தைய ஆண்டு, எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜ் அவரையே சொற்பொழிவாற்ற அழைத்தது. தம்மை அவையில் சிறுமைப்படுத்தியவரை அவர் தம் காலத்தின் மிகச் சிறந்த வான் இயற்பியலாளர் என்று போற்றிப் பேசினார்; பிழையையும் மறைக்கவில்லை. அந்தச் சர்ச்சைக் காலத்திலும் இருவருக்கும் இடையே தனிப்பட்ட நட்பு முறியவில்லை. 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் அவர் காலமானார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் ‘சந்திரா’ என்று அவர் பெயரையே சூட்டினர்.

கதை முடிந்ததும் தந்தை கேட்டது நியாயமான கேள்வி. அவர் மேதை, எல்லாரும் சந்திரசேகர் ஆக முடியுமா? முடியாது. ஆனால் என் வாதம் மேதைமை பற்றியது அல்ல. சந்திரசேகருக்குக் கிடைத்த உதவிகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். மெய்ப்புப் பிரதியைக் கொடுத்த விருந்தினர், அரசின் உதவித்தொகை, நான்கு ஆண்டு நிம்மதி, ஒரு கணக்குப் பொறி, நிறம் பாராத ஒரு பல்கலைக்கழகத் தலைவர். இவற்றில் எதற்கும் மேதைமை தேவையில்லை. நிர்வாகமும் மனமும் போதும். இவை இல்லாமல் போயிருந்தால் அந்த மேதை என்னவாகியிருப்பார் என்பதை, விற்பனைப் பணிக்குச் சென்ற அந்த இளைஞரை நினைத்தே நான் கணக்கிடுகிறேன்.

ஆராய்ச்சி என்பது பலன் தெரியாமல் போடும் செலவு என்கிறார்கள். கோவில்பட்டியில் நூறாண்டுக்கும் மேலாக வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ‘கே’ என்ற எழுத்தைத் தாங்கி அங்கிருந்து வந்த சோளமும் பருத்தியும் எங்கள் கரிசல் காடுகளில் விளைந்தவை. ஒரு ரகம் வயலுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். பல முயற்சிகள் வயலுக்கே வராது. அதற்காக நிலையத்தை மூடச் சொல்லும் விவசாயியை நான் கண்டதில்லை. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவருக்கு, பலன் பிந்தி வரும் செலவு எது, வீண் செலவு எது என்ற வேறுபாடு தெரியும்.

நம் நாடு உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தையே ஆராய்ச்சிக்குச் செலவிட்டதாக 2020-21 ஆண்டுக்கான அரசின் கணக்கு கூறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் தொகையை விட முக்கியமானது அது உரிய நாளில் கைக்கு வருவது. மாதக்கணக்கில் உதவித்தொகை வராமல் விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிய அனுபவம் எனக்கும் உண்டு. அந்த மாதங்களில் நான் ஆய்வு செய்யவில்லை. கடன்காரரைத் தவிர்க்கும் வழிகளை ஆராய்ந்தேன்.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்தங்கள் ஓராண்டு, ஈராண்டு என்று துண்டு துண்டாக இல்லாமல் குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும். உதவித்தொகை, சம்பளத்தைப்போல் மாத இறுதியில் வர வேண்டும். கருத்தரங்கில் தாக்கப்படும் இளையவருக்கு மறுமொழி கூற நேரம் ஒதுக்குவது தலைமை வகிப்பவரின் கடமை என்று விதியாகவே எழுத வேண்டும். முதல் இரண்டுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். மூன்றாவதற்கு ஒரு ரூபாயும் தேவையில்லை.

அன்று பேச்சு முடிந்தபோது இருட்டிவிட்டது. மொட்டை மாடிக்குச் சென்றோம். ஊரின் விளக்குகளுக்கு அப்பால், தெற்கே காட்டுப் பக்கம் வானம் தெளிவாக இருந்தது. வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிப்பதாகவும், அதே வேளையில் ஆய்வுப் பணிகளுக்கான விண்ணப்பங்களை நிறுத்தப் போவதில்லை என்றும் அந்தப் பெண் சொன்னார். இரண்டு விதையையும் சேர்த்து விதைப்பது கரிசல்காட்டு வழக்கம்தான் என்று தந்தை ஒருவாறு சமாதானமானார். எது முளைத்தாலும் தகவல் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு, அந்தக் கருத்தரங்கு இளைஞரின் முகவரியைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் எழுதினேன். அவர் சொன்னது சரி, நான் சொன்னது தவறு என்பதுதான் அதன் செய்தி. இருபது ஆண்டுகள் பிந்தி வரும் கடனால் பயன் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது கடன்.

(கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர், கோவில்பட்டி)